இடி என்றார்கள் சிலர்



பஸ்கா பண்டிகை நேரம். எருசலேம் நகரம் யாத்திரிகர்களால் நிரம்பி வழிகிறது. விழாவுக்கு வந்த கிரேக்கர் சிலர், இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று அவருடைய சீடரான பிலிப்புவிடம் வந்து கேட்கிறார்கள். இயேசுவோ தம் சாவு நெருங்கிவிட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். தம் உள்ளம் கலங்கியிருப்பதை மறைக்கவும் இல்லை. பிதாவின் நாமம் மகிமைப்பட வேண்டும் என்று அவர் வேண்டிக்கொள்ள, வானத்திலிருந்து பதில் வருகிறது. சுற்றி நின்ற கூட்டம் அதைக் கேட்டது. கேட்டவர்கள் இடி இடித்தது என்றார்கள். வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்றார்கள். யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது.

தன் நாயகனுக்குக் கடவுளே சாட்சி சொன்னார் என்று நிலைநாட்ட வந்த ஒரு நூல், அந்தச் சாட்சி பலர் காதில் வெறும் இடியாக விழுந்ததையும் சேர்த்துச் சொல்வானேன்? இயேசுவைப் பற்றிய உண்மைக்குக் கடவுளே சாட்சி என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிக்கற்களில் ஒன்று. ஆனால் அந்தச் சாட்சி எல்லார் வாயையும் அடைத்துவிட்டது என்று கிறிஸ்தவர்களுடைய மூல நூல்கள் சொல்வதில்லை. கேட்டு நம்பியவரும் உண்டு; இடி என்று சொல்லிவிட்டு நடந்தவரும் உண்டு. இந்த இடைவெளியைக் கிறிஸ்தவச் சிந்தனை இருபது நூற்றாண்டுகளாக எப்படிக் கையாண்டு வந்திருக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

யூத நீதிமுறையிலிருந்து தொடங்க வேண்டும். ஒருவன் மீது குற்றம் நிலைநாட்டப்பட ஒரே சாட்சி போதாது. இரண்டு அல்லது மூன்று பேர் வேண்டும் என்கிறது உபாகமம். இந்த விதி காகிதத்தில் மட்டும் இருந்ததல்ல. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பறிக்க நினைத்த யேசபேல் ராணிகூட, பொய்ச் சாட்சிகளைத் தேடும்போது கணக்காக இரண்டு பேரைத்தான் நிறுத்தினாள். அக்கிரமத்துக்கும் சட்டத்தின் வடிவம் தேவைப்பட்டது. இயேசுவின் விசாரணையைச் சொல்லும் மாற்கு நற்செய்தி, அவருக்கு எதிராகப் பலர் பொய்ச் சாட்சி சொன்னார்கள், ஆனால் அவர்கள் பேச்சு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று குறிப்பதும் இந்த விதியை மனத்தில் வைத்துத்தான்.

யோவான் நற்செய்தி இந்த நீதிமன்றச் சூழலை நூல் முழுக்கவே கட்டியெழுப்புகிறது. 5ஆம் அதிகாரத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த ஒருவரை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். சர்ச்சை வெடிக்கிறது. அப்போது இயேசு வைக்கும் வாதம் வியப்பானது: தம்மைப் பற்றித் தாமே சொல்லும் சாட்சி செல்லாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறகு மற்றச் சாட்சிகளை அழைக்கிறார். எரிகிற விளக்காயிருந்த யோவான் ஸ்நானன். தாம் செய்யும் செயல்கள். தம்மை அனுப்பிய பிதா. கடைசியாக வேத எழுத்துகள், குறிப்பாக மோசே. எதிர்த்தரப்பு எந்த மோசேயை நம்பி வாதாடுகிறதோ, அதே மோசேயைத் தம் பக்கத்துக் கூண்டில் ஏற்றுகிறார்.

இந்தப் பட்டியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. மனிதச் சாட்சியை இன்னொரு மனிதச் சாட்சியைக் கொண்டு சரிபார்க்கலாம். கடவுளின் சாட்சியை எதைக் கொண்டு சரிபார்ப்பது? அவருக்கு மேலே இன்னொரு நீதிமன்றம் இல்லை. 8ஆம் அதிகாரத்தில் எதிராளிகள் கேட்பதும் ஏறக்குறைய இதுதான். நீரும் உம் பிதாவும் இரண்டு சாட்சிகள் என்கிறீரே, அந்தப் பிதா எங்கே என்கிறார்கள். நியாயமான கேள்வி. அதைக் கேட்டவர்களை முரடர்கள் என்று ஒதுக்கிவிடுவது பிரசங்கிகளின் வழக்கம். ஆனால் பின்வந்த இறையியலின் பாதி அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான்.

பிதாவின் குரல் யாருக்காக ஒலித்தது என்பதிலும் நற்செய்திகளுக்குள் நுட்பமான வேறுபாடு உண்டு. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெறும்போது, மாற்கிலும் லூக்காவிலும் அந்தக் குரல் இயேசுவையே முன்னிலையில் அழைத்துப் பேசுகிறது. மத்தேயுவிலோ படர்க்கையில், அருகில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துவதுபோல் பேசுகிறது. யோவான் நற்செய்தி அந்தக் குரலைச் சொல்வதே இல்லை. ஆவி புறாவைப்போல் இறங்கி அவர்மேல் தங்கியதைக் கண்டேன் என்ற யோவான் ஸ்நானனின் வாக்குமூலம் மட்டும் அங்கே இருக்கிறது. அந்தரங்கமா, பொதுவெளியா, ஒரு மனிதனின் வாய்வழியாகவா? தேவ சாட்சி எந்த வடிவில் வருகிறது என்ற பிற்காலத் தர்க்கங்களின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

முதலாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டதாகக் கருதப்படும் யோவானின் முதல் நிருபம், இந்தச் சாட்சிகளை மூன்றாகச் சுருக்குகிறது: ஆவி, தண்ணீர், இரத்தம். மனிதரின் சாட்சியையே ஏற்கிற நாம் அதைவிடப் பெரிய தேவ சாட்சியை ஏற்க வேண்டாமா என்று அது கேட்கிறது. தண்ணீரும் இரத்தமும் எதற்கு? அதன் பின்னால் ஒரு சண்டை இருந்திருக்கலாம். சிறிய ஆசியாவில் செரிந்து என்றொரு ஆசிரியர் இருந்தார். இயேசு சாதாரண மனிதர். ஞானஸ்நானத்தின்போது கிறிஸ்து என்ற தெய்வீக ஆற்றல் அவர்மேல் இறங்கியது. சிலுவைக்கு முன்பே அது விலகிவிட்டது என்பது அவருடைய போதனை. தண்ணீர் உண்டு, இரத்தம் இல்லை. கி.பி. 180 வாக்கில் எழுதிய லியோன் நகர ஆயர் இரேனேயு இதைப் பதிவு செய்திருக்கிறார். எபேசு நகரக் குளியல் கூடத்துக்குள் செரிந்து இருப்பதைப் பார்த்த இயேசுவின் சீடர் யோவான், கட்டடம் இடிந்து விழுந்துவிடுமோ என்று குளிக்காமலே வெளியே ஓடிவந்தாராம். இந்தக் கதையையும் இரேனேயுதான் சொல்கிறார். நடந்ததோ இல்லையோ, கருத்து வேறுபாட்டின் சூடு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. நிருபம் எழுதியவருக்குத் தேவ சாட்சி என்பது ஆற்றில் தொடங்கிச் சிலுவையில் வடிந்த இரத்தம் வரை அறுபடாமல் ஓட வேண்டும். அவமானமான சாவும் சாட்சிக் கூண்டில் ஏறியாக வேண்டும்.

இதே பத்தி பிற்காலத்தில் இன்னொரு வம்பில் சிக்கியது. தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் 1 யோவான் 5ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தைப் பார்த்தால், பரலோகத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று மூவர் சாட்சியிடுவதாக இருக்கும். 1995இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் அந்த மூவர் இல்லை. ஆவி, நீர், இரத்தம் மட்டும்தான். யார் சேர்த்தது, யார் நீக்கியது?

ஏராஸ்முஸ் என்ற டச்சு அறிஞர் 1516இல் பாசல் நகரில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். தாம் பார்த்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லாததால் அந்த வாக்கியத்தை அவர் சேர்க்கவில்லை. 1519இன் இரண்டாம் பதிப்பிலும் இல்லை. திரித்துவத்துக்கு இருந்த நேரடியான ஆதாரத்தை அழிக்கிறான் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஏனென்றால் இலத்தீன் வேதாகமத்தில் அது வெகுகாலமாக இருந்தது. பிறகு அந்த வாக்கியம் உள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவர்முன் வைக்கப்பட்டது. இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் அந்தப் பிரதி, பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது என்பது அறிஞர்களின் முடிவு. 1522இன் மூன்றாம் பதிப்பில் ஏராஸ்முஸ் வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார். அங்கிருந்து அது 1611இன் ஆங்கில வேதாகமத்துக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பதிப்பை வைத்து மொழிபெயர்த்த லூத்தரின் 1522 ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் அது கிடையாது. ஈர்ப்பு விசையைக் கணக்கிட்ட ஐசக் நியூட்டனுக்கும் இதில் அக்கறை இருந்தது. அது இடைச்செருகல் என்று வாதிட்டு 1690இல் தத்துவவாதி ஜான் லாக்குக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

இன்று கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அறிஞர்களில் பெரும்பாலோர் அந்த வாக்கியம் மூலத்தில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். கடவுளின் சாட்சியைப் பற்றிய வசனத்திலேயே மனிதக் கை புகுந்துவிட்டது என்று கேலி பேசலாம்தான். ஆனால் அதைக் கண்டுபிடித்து விலக்கியவர்களும் பெரும்பாலும் நம்பிக்கையாளர்களே. சாட்சி பெரிதானால் அதற்குப் பொய்த் துணை தேவையில்லை என்ற நேர்மை அங்கே வேலை செய்தது.

இப்போது மையத்துக்கு வருவோம். ஆதி கிறிஸ்தவர்களைக் கேட்டால், கடவுள் இயேசுவுக்குச் சொன்ன ஆகப் பெரிய சாட்சி வானத்துக் குரல் அல்ல, உயிர்த்தெழுதல் என்பார்கள். நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்துக் கொன்ற ஒருவரைக் கடவுள் எழுப்பினார் என்றால், கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு மேலே ரத்தாகிவிட்டது என்று பொருள். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவின் பேச்சுகள் திரும்பத் திரும்ப இதே தொனியில் இருக்கின்றன: நீங்கள் கொன்றீர்கள், கடவுள் எழுப்பினார். ஏதேன்ஸ் நகரத்து மார்ஸ் மேடையில் பவுலும், எல்லாருக்கும் இதுவே கடவுள் தந்த உறுதி என்கிறார். கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். தியொனீசியு, தாமரி முதலான சிலர் நம்பினார்கள். எல்லாருக்கும் உறுதி என்ற பேச்சின் முடிவிலும் அவை மூன்றாகப் பிரிந்ததை நடபடிகளை எழுதிய லூக்கா மறைக்கவில்லை.

அந்தச் சாட்சியை முதலில் கொண்டுவந்தவர்கள் யார் என்பது இன்னும் கவனிக்க வேண்டியது. நான்கு நற்செய்திகளிலும் வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். நான்கிலும் மகதலேனா மரியாள் இருக்கிறார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று மோசேயின் சட்டத்தை விளக்குகிறார். சீடர்களே அந்தப் பெண்களின் பேச்சைப் பிதற்றல் என்று தள்ளினார்கள் என்கிறது லூக்கா நற்செய்தி. இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி இதைத்தான் பிடித்துக்கொண்டார்: வெறி பிடித்த ஒரு பெண் கண்டதா ஆதாரம் என்று எள்ளினார். சுமார் 70 ஆண்டுகளுக்குப் பிறகு கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் அதற்கு வரி வரியாக மறுப்பு எழுதினார். கதையைப் புனைந்திருந்தால், செல்லாத சாட்சிகளையா முன்னால் நிறுத்தியிருப்பார்கள் என்பது இக்கால ஆய்வாளர் பலரின் வாதம். அது உயிர்த்தெழுதலை நிரூபிக்காது. ஆனால் பெண்கள் பெயர் பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பதைக் கடினமாக்குகிறது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று பவுல் தரும் பட்டியலைப் பாருங்கள்: கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டோர், யாக்கோபு, கடைசியில் தாம். ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று கி.பி. 50களின் நடுவில் எழுதுகிறார். பெண்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. பொதுச் சபையில் செல்லுபடியாகும் பட்டியலைத் தயாரித்தார் போலும்.

தீர்க்கதரிசனம் என்ற சாட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் முதலான கிறிஸ்தவ எழுத்தாளர்கள் பழைய ஏற்பாட்டு வசனங்களை அடுக்கி, முன்பே சொன்னது நிறைவேறியது பாருங்கள் என்றார்கள். ஏசாயா 53இல் துன்புறும் தாசன் அவர்களுக்கு இயேசுவேதான். அந்தத் தாசன் இஸ்ரவேல் மக்கள் முழுவதையும் குறிக்கிறான் என்று யூத அறிஞர் தம்மிடம் சொன்னதை ஒரிகனே எழுதியிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷியும் அப்படியே உரை எழுதினார். ஒரே ஏடு, ஒரே வரி. இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாகக் கேட்டன.

அப்படியானால் சிலர் மட்டும் ஏன் நம்புகிறார்கள்? 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தந்த விடை இது: அற்புதங்கள் உறுதிசெய்யும் தெய்வ போதனையின் அதிகாரம் ஒருபுறம், அதற்கும் மேலாக, உள்ளிருந்து அழைக்கும் கடவுளின் தூண்டுதல். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஜெனீவாவில் 1559இல் வெளிவந்த தம் பெருநூலின் இறுதிப் பதிப்பில், வேதாகமம் கடவுளின் வார்த்தை என்ற உறுதியைச் சபையோ தர்க்கமோ தர முடியாது, பரிசுத்த ஆவியின் உள்சாட்சியே தரும் என்றார். கடவுளைக் கடவுளே சரிபார்க்கிறார். மேல் நீதிமன்றம் இல்லாத சிக்கலுக்கு இதுவே அவருடைய தீர்வு. அதே மூச்சில், எழுதப்பட்ட வார்த்தையை விட்டுவிட்டு ஆவி எனக்குப் புதிதாகச் சொன்னது என்று புறப்படுபவர்களைக் கடுமையாகச் சாடுகிறார். உள்குரல் மட்டும் போதும் என்றால் ஊருக்கு ஒரு தீர்க்கதரிசி முளைப்பான் என்பது அவர் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

உள்ளும் புறமும் ஒரே வாழ்க்கையில் மோதிய கதை பாஸ்கலுடையது. கணித மேதை, வளிமண்டல அழுத்தத்தைச் சோதித்தவர், கணக்குப் பொறி செய்தவர். 1654 நவம்பர் 23 இரவு, ஏறத்தாழ பத்தரை மணி முதல் பன்னிரண்டரை வரை, அவருக்கு ஒரு அனுபவம் நேர்ந்தது. தேதியும் நேரமும் போட்டு ஒரு காகிதத்தில் குறித்து, தம் மேலாடையின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. 1662இல் அவர் இறந்தபின் வேலையாள் ஒருவர் கண்டெடுத்துத்தான் வெளியே தெரிந்தது. சோதனைச் சாலையில் அளந்து பழகிய கை, அந்த இரவையும் மணிக்கணக்கோடு குறித்தது. ஆனால் அதை ஊராருக்கு ஆதாரமாக நீட்டவில்லை.

பதினாறு மாதம் கழித்து, 1656 மார்ச் 24இல், அவருடைய அக்காள் மகள் மார்கரீத்தின் கண்ணோரத்தில் நெடுநாள் இருந்த புண் குணமானது. பாரிஸின் போர்ட் ராயல் மடத்தில், கிறிஸ்துவின் முள்முடியிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட ஒரு முள்ளைத் தொட்டதும் இது நடந்தது. மருத்துவர்கள் சோதித்தார்கள், திருச்சபை அற்புதம் என்று ஏற்றது. போர்ட் ராயல் அப்போது இயேசு சபையினரோடு கடும் சர்ச்சையில் இருந்தது. கடவுளே எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார் என்றது மடம். எதிர்த்தரப்பு என்ன சொன்னது? அற்புதம் உண்மையாகவே இருக்கட்டும். அது உங்களுக்குச் சாதகமான சாட்சி என்று யார் சொன்னது, நீங்கள் மனந்திரும்ப வேண்டும் என்ற எச்சரிக்கையாகவும் இருக்கலாமே என்றது! அற்புதம் எதற்குச் சாட்சி என்பதும் ஒரு வழக்காகிவிட்டது. இதைப் பற்றி எழுதத் தொடங்கிய பாஸ்கலின் குறிப்புகள்தான் விரிந்து, அவர் மறைவுக்குப் பின் 1670இல் ‘சிந்தனைகள்’ நூலாக வந்தன. நம்ப விரும்புவோர்க்குப் போதிய வெளிச்சமும், விரும்பாதோர்க்குப் போதிய இருளும் இருக்கிறது என்பது அதன் முக்கியக் கருத்துகளில் ஒன்று. யோவான் 12இன் இடிக்கு இதைவிட நல்ல உரை கிடையாது.

இந்திய மண்ணில் இதற்கு இணை தேடினால் சாது சுந்தர் சிங் நினைவுக்கு வருகிறார். பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் 1889இல் பிறந்தவர். 1904 டிசம்பரில் நற்செய்தி நூலைத் தீயிலிட்ட பையன், அடுத்த சில நாளில் விடியுமுன் இயேசுவின் தரிசனத்தைக் கண்டதாகச் சொன்னார். பதில் கிடைக்காவிட்டால் ரயில் முன் விழுந்துவிடுவது என்ற முடிவோடு ஜெபித்த இரவு அது. 1920களில் அவர் பெயர் ஐரோப்பாவில் பரவியபோது, அவருடைய சாட்சிகளை நம்பலாமா என்று அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது. ஜெர்மானிய அறிஞர் ஹைலர் ஆதரித்து எழுதினார். சுவிட்சர்லாந்தின் பாதிரியாரும் உளப்பகுப்பாய்வாளருமான பிஸ்டர் எதிர்த்து எழுதினார்.

சுந்தர் சிங்கைப் பற்றி 1921இல் ஸ்ட்ரீட்டர் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து நூல் எழுதியவர் பாளையங்கோட்டையில் பிறந்த ஏ.ஜே. அப்பாசாமி. பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையின் கோவைப் பேராயர். தரிசனக்காரர் ஒருவரை அருகிலிருந்து ஆராய்ந்த இவர், சாட்சிச் சிக்கலை நம் தத்துவ மரபின் மொழியிலேயே எடுத்துப் பேசினார். எது சரியான அறிவு என்பதற்கு நம் சாத்திரங்கள் பிரமாணங்களை வகுக்கின்றன. காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்தம் பேசுவது பலருக்கும் தெரியும். அப்பாசாமி கிறிஸ்தவர்களுக்கான பிரமாணங்களாகச் சுருதி, யுக்தி, அனுபவம், சபை ஆகியவற்றை எண்ணினார். பக்தி மரபில் தோய்ந்தவர் என்பதால் அனுபவத்துக்கு உயர்ந்த இடம். ஆனால் தனியே விடவில்லை. நம் ஊர்ச் சபைகளில் ஒருவர் எழுந்து ‘சாட்சி சொல்கிறேன்’ என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் உன்னிப்பாகக் கேட்பதும், பிறகு அவர் நடத்தையைக் கவனிப்பதும் இந்த ஏற்பாட்டின் எளிய வடிவமே. மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லியும், ஆவியின் சாட்சி உண்டென்றால் வாழ்க்கையில் கனி தெரிய வேண்டும் என்று 1746லும் மறுபடி 1767லும் பிரசங்கமாக அச்சிட்டார்.

பெரிய ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. 1830இல் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மார்மன் நூல், தன் உண்மையைக் கடவுளிடமே கேளுங்கள், பரிசுத்த ஆவி காட்டுவார் என்று முடிவுப் பகுதியில் வாசகரை அழைக்கிறது. இலட்சக்கணக்கானோர் அப்படிக் கேட்டு உறுதி பெற்றதாகச் சொல்கிறார்கள். மற்றக் கிறிஸ்தவச் சபைகள் அந்த நூலை ஏற்பதில்லை. உள்சாட்சி இரண்டு பக்கமும் ஒலித்தால் எதை எடுப்பது? வரலாற்றில் நடந்ததைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்கிறார்கள் இறையியலாளர்கள். பவுல் ஐந்நூறு பேரை எண்ணியது அதற்குத்தானே என்கிறார்கள். ஆனால் அற்புதம் பற்றிய எந்த வரலாற்றுச் சாட்சியும் இயற்கையின் ஒழுங்குக்கு இருக்கும் சாட்சியை வெல்லாது என்று 1748இல் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியபின், அந்த வழியும் சண்டையில்லாத வழியல்ல. உள்சாட்சி நம்புகிறவரின் உறுதி எங்கிருந்து வந்தது என்பதை விளக்கும். பக்கத்து வீட்டுக்காரரை ஒத்துக்கொள்ளச் செய்யும் ஆயுதமாக அதைப் பயன்படுத்தும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது.

கால்வினின் கருத்தை நம் காலத் தத்துவ மொழியில் திரும்பக் கட்டியவர் அமெரிக்கரான ஆல்வின் பிளான்டிங்கா. 2000இல் வந்த அவருடைய பெருநூலின் சாரம்: கிறிஸ்தவம் உண்மையாக இருந்தால், ஆவியின் தூண்டுதலால் நம்புகிறவரின் நம்பிக்கை வாதங்களின் துணையில்லாமலே முறையான அறிவாக இருக்கக்கூடும். அப்படியானால் அது உண்மைதானா? அந்தக் கேள்வியை நூலின் கடைசியில் அவரே கேட்டுக்கொள்கிறார். தமக்கு அது உண்மையாகத் தோன்றுகிறது என்கிறார். தத்துவத்தின் தகுதி எல்லையை அந்தக் கேள்வி தாண்டிவிடுகிறது என்று சொல்லி, நூலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்.